இடி விழுந்த கம்ப்யூட்டர்

எங்கள் மலையில் பொருந்தாத பொருள் என்று ஒன்று கிடையாது. இன்னும் சீவப்படாத பொருள் என்றுதான் உண்டு. மண்வெட்டியின் கண்ணுக்குள் (காம்பு நுழைகிற ஓட்டைக்கு அதுதான் பெயர்) காம்பு போகவில்லையா, காம்பைச் சீவு. கதவு நிலையில் உட்காரவில்லையா, கதவைச் சீவு. கட்டிலின் ஒரு கால் குட்டையா, மற்ற மூன்றையும் சீவு. ஜவ்வாது மலையில் பிறந்த ஆண்பிள்ளைக்கு மீசை முளைப்பதற்கு முன்பே இந்த ஞானம் முளைத்துவிடும். எனக்கும் முளைத்தது. அதைக் கொண்டுபோய் ஒரு கம்ப்யூட்டரிடம் காட்டினேன் பாருங்கள், அங்கேதான் என் மானம் போனது.

அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. என் மனைவி மஞ்சுளாவுக்கு அவள் அப்பா கொடுத்த சீர். பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து மினி லாரியில் மலையேறி வந்தது. மஞ்சுளா படித்த காலத்தில் வாங்கியது என்பதால் கொஞ்சம் வயசான உருப்படி. ஆனால் அதை வைத்துத்தான் அவள் சம்பாதித்தாள். கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது அவள் தொழில். கண்ணமங்கலத்து ஸ்டுடியோவிலிருந்து போட்டோக்கள் வரும். இவள் அவற்றை அடுக்கி, வெட்டி, மணப்பெண்ணைத் தாமரைக்குள் உட்கார வைத்து, மாப்பிள்ளையின் தொப்பையைக் கொஞ்சம் கரைத்து, பக்கம் பக்கமாகச் செய்து அனுப்புவாள்.

மஞ்சுளாவின் குடும்பமும் எங்கள் மலைதான். என் மாமனார் பிழைப்புக்காக இறங்கி, படவேட்டில் கோயில் பக்கம் தேங்காய், கற்பூரக் கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டவர். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"மலைல கரண்டு நிக்காது, நெட்டு நிக்காது. எம்பொண்ணு வேலைய வுட மாட்டா. அங்க எப்படிங்க மாப்ள சரிப்பட்டு வரும்?"

"கம்ப்யூட்டர் விஷயத்த நான் பாத்துக்கறேன் மாமா. எனக்கு அதெல்லாம் அத்துப்படி" என்றேன்.

(எனக்கு அத்துப்படியானது எதுவென்றால், டிஷ் ஆன்டெனாவைத் திருப்பி வைப்பது, போனில் சிம் கார்டு மாற்றுவது. எங்கள் ஊரில் இந்த இரண்டும் தெரிந்தவனை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அதை மறுத்ததில்லை.)

கல்யாணம் ஆகி கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஸ்டுடியோக்காரர் புது கேமரா வாங்கினார். போட்டோ ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக வர ஆரம்பித்தது. எங்கள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. மஞ்சுளா ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

"ரேமு பத்தலைங்க" என்றாள் ஒரு நாள்.

"அப்படின்னா?"

"வேலை செய்யற மேஜைன்னு வெச்சுக்கங்க. போட்டோ பெருசாயிட்ச்சு, மேஜை அதே சின்ன மேஜை. எதையும் பரப்பி வெக்க முடியல. சேத்து இன்னொன்னு வாங்கி மாட்டினா சரியாயிடும். அடுத்த தபா கீழ போறப்ப நானே பாத்து வாங்கிக்கறேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். ஆரணியில் ஒரு பெரிய கல்யாணம், அந்த ஆல்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஸ்டுடியோக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். "அப்படி ஏதாவது ஆச்சுன்னா, நான் அப்பா வூட்லயே உக்காந்து வேலை பாத்துட்டு, வாரத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறேங்க. வேற வழி இல்ல."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. கல்யாணமான புதிது. பெண்டாட்டி அப்பா வீட்டிலும் நான் மலையிலும் என்றால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்காது என்பது இன்னொரு பக்கம். ஊர்ப் பேச்சைத்தான் அப்போது பெரிய காரணமாக நினைத்துக்கொண்டேன். எப்படியானாலும் அவள் கீழே போவதற்குள் ரேமை வாங்கி மாட்டி, வாய் பிளக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்து ஆண்கள் பெண்டாட்டிக்குச் செருப்பு வாங்கும் முறை ஒன்று உண்டு. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அவள் பாதத்துக்கு அளவு வைத்து, பட்டென்று ஒடித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டு போவோம். கடைக்காரர் குச்சியைச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்துத் தருவார். இதுவரை எந்தப் பெண்ணுக்கும் செருப்பு கடித்ததில்லை.

மறுநாள் காலை மஞ்சுளாவும் என் அம்மாவும் சாமை அடிக்கக் களத்துக்குப் போனதும், நான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். மஞ்சுளா ஒருமுறை தூசி துடைத்தபோது காட்டியிருந்ததால் ரேம் எது என்று தெரியும். பச்சையாக, பட்டையாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே காலியாக ஓர் இடம். துடைப்பத்திலிருந்து குச்சியை உருவினேன். அளவு வைத்தேன். ஒடித்தேன். உரம் வாங்கிவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி ஒடுகத்தூருக்கு ஜீப் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. வாணியம்பாடிக்காரர் ஒருவர் வைத்திருந்தார்.

"ரேமு வேணும் பாய்."

"இன்னா டைப்பு?"

"கம்ப்யூட்டர் டைப்பு."

"அது தெரியுது. டிடிஆர் ரெண்டா, மூணா, நாலா?"

நான் சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இந்த நீளம்."

பாய் குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "செருப்புக் கடை அடுத்த தெருப்பா" என்றார்.

நான் விளக்கிச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நல்ல மனுஷர், அடக்கிக்கொண்டார். "நீளம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தம்பி. கீழ பல்லு வரிசைக்கு நடுவுல ஒரு வெட்டு இருக்கும். அது ஒவ்வொரு டைப்புக்கும் ஒவ்வொரு எடத்துல. வூட்டுக்கு ஒரு போனப் போட்டு, பழசு மேல இன்னா எழுதியிருக்குன்னு கேளேன்."

வீட்டுப் போன் களத்தில் இருந்த மஞ்சுளாவிடம்தான் இருந்தது. கூப்பிட்டால் ரகசியம் போய்விடும். தவிர, இன்ஜினியர் போன் போட்டுக் கேட்பானா?

"நாலு குடுங்க பாய்."

"பழைய சிஸ்டம்னு சொல்ற. மூணாதான் இருக்கும்."

"நாலுல மூணு அடங்கிடும் இல்ல பாய்?"

பாய் அலமாரியைத் திறந்தார். பிறகு நான் கேட்டதையே எடுத்துக் கொடுத்தார். நான் குச்சியை வைத்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "உக்காரலைன்னா அமுக்காத. அப்படியே கொண்டா, மாத்தித் தர்றேன்."

வீடு திரும்பியபோது பெண்கள் களத்திலிருந்து வந்திருக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று வேலையில் இறங்கினேன். கரண்டைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன் (அந்த அளவுக்கு அறிவு இருந்தது). புது ரேமைக் காலி இடத்தில் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். அப்படியும் உட்காரவில்லை. பழையதைக் கழற்றிவிட்டு அது இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை.

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார்.

"இன்னாடா அது?"

"மஞ்சுளா கம்ப்யூட்டருக்கு மெமரிப்பா. உள்ள போவ மாட்டேங்குது."

காம்பு சீவுவதில் எங்கள் அப்பாவை மிஞ்ச இந்த மலையில் ஆள் இல்லை. ரேமை வாங்கி ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்த்தார். ரேம் உட்காருகிற பள்ளத்தின் மேல் கட்டை விரலால் தடவினார். "கண்ணுக்குள்ள ஒரு முட்டு இருக்குது. இதுல அந்த முட்டுக்கு எடம் வெட்டியிருக்கான், ஆனா தள்ளி வெட்டிட்டான்."

"இப்ப இன்னா பண்றது?"

"இன்னா பண்றது? சீவறதுதான்."

அந்த முட்டு அங்கே இருப்பதே தப்பான ரேமை யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உலகத்து முட்டாள்கள் எல்லாரையும் மனதில் வைத்து யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. அதைச் செய்தவர்கள் ஜவ்வாது மலைக்கு மட்டும் வந்ததில்லை போலிருக்கிறது.

மரம் அறுக்கும் வாளைத் தீட்டுகிற முக்கோண அரத்தை அப்பா எடுத்து வந்தார். நான் பிடித்துக்கொள்ள, அவர் ராவினார். அவர் களைத்தபோது நான் ராவினேன். பச்சைத் தூள் கொட்டியது. மஞ்சளாகப் பளபளத்த பல் சிலவும் அதோடு கொட்டின. "இத்தினி பல்லு இருக்குது, ரெண்டு போனா இன்னா" என்றார் அப்பா, தன் வாயை வைத்து யோசித்திருப்பார். கடைசியாக, "கொஞ்சம் தேங்காண்ண தடவினா வழுக்கிக்கினு போவும்" என்றார். நான் படித்தவன் அல்லவா, எலெக்ட்ரிக் சாமானுக்கு எண்ணெய் ஆகாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிறகு கொஞ்சமாகத்தான் தடவினோம்.

இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினோம். டக்கென்று ஒரு சத்தம். "உக்காந்துச்சு பாத்தியா" என்றார் அப்பா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கரண்டைக் கொடுத்துப் பட்டனைத் தட்டினேன்.

ஃபேன் சுற்றியது. அதற்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் செய்த ஒரே காரியம், ரப்பர் செருப்பு எரிகிற மாதிரி ஒரு நாற்றத்தை விட்டது. மெல்லிசாகப் புகை எழுந்தது. அப்பா தண்ணிச் சொம்போடு ஓடி வந்தார். நான் ஒயரைப் பிடுங்கிவிட்டு அவரையும் தடுத்துப் பிடித்தேன். அப்புறம் பழைய ரேமை மாட்டிப் பார்த்தேன். பட்டனைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். ஃபேன்கூடச் சுற்றவில்லை.

மஞ்சுளா தலையெல்லாம் சாமைத் தூசியோடு வாசலில் நின்றாள். "இன்னா எரியுது?"

"கரண்டு எச்சா வந்துட்ச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஆடு பார்க்கப் போய்விட்டார்.

அவள் மூடி திறந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அரத்தைப் பார்த்தாள். எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தாள். ஈர்க்குச்சியைப் பார்த்தாள், அது எதற்கென்று அவளுக்கு விளங்கியிருக்காது. புது ரேமைக் கையில் எடுத்தாள்.

"இத யாருங்க கடிச்சது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து பச்சைத் தூளை விரலால் ஓரமாக ஒதுக்கினாள். கண் கலங்கியிருந்தது. "போட்டோவெல்லாம் இருக்கற டிஸ்க்கு தப்பிச்சிருந்தா போதும். காலைல ஜீப்புக்குக் கிளம்பலாம். கம்ப்யூட்டர நீங்க தூக்கிக்கங்க" என்றாள்.

பையில் அவள் புடவைகளை அடுக்குவதைப் பார்த்தேன். நாலு நாள் போய் வருகிறவள் எடுத்து வைக்கிற புடவைகளாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது என்று சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமில்லை.

படவேட்டுக்குப் போக ஜீப்பில் மலையிறங்கி, ஒடுகத்தூரில் பஸ் பிடித்து, வேலூரில் மாறி, கண்ணமங்கலத்தில் மறுபடி மாற வேண்டும். அவசரத்தில் பக்கவாட்டு மூடியை வீட்டிலேயே விட்டுவிட்டதால், கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கொயந்தைக்கு இன்னாப்பா ஒடம்பு?" என்று இரக்கமாகக் கேட்டார். மஞ்சுளா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கம்ப்யூட்டரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். (அவள் சிரித்தாள் என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.)

மாமனார் கடையில் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, சீரு திரும்பி வருது?"

வழி நெடுக நான் ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தேன். அது என்னவென்று இப்போது நினைவில்லை, அப்போதும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"இடி வுழுந்துட்ச்சு மாமா."

மாமனார் அண்ணாந்து பார்த்தார். தை மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அங்கிருந்து பார்த்தால் எங்கள் மலை துடைத்து வைத்தது போலத் தெரியும். அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

"தை மாசத்துல இடியா?"

"மலைல அப்படித்தான் மாமா."

"வூட்டுக்கு ஒண்ணும் ஆவலியா?"

"இல்ல மாமா. நேரா கம்ப்யூட்டர் மேலதான் வுழுந்துச்சு."

மாமனார் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இடியா?"

 அவள் உண்மையைச் சொன்னால் போதும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். நீ இங்கேயே இருந்து வேலையைப் பார் என்று அவர் சொல்வார், அதில் தப்பும் சொல்ல முடியாது. மஞ்சுளா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கைகளில் இன்னும் போர்வையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"ஆமாம்பா, இடிதான்" என்றாள். "ஒண்ணு இல்ல, ரெண்டு இடி. எம்மாமனாரு கூட இருந்து பாத்தாரு."

மாமனார் தலையை ஆட்டினார். கம்ப்யூட்டரைத் தானே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

டிஸ்க் பிழைத்திருந்தது. மஞ்சுளா அதைக் கழற்றிக்கொண்டு கண்ணமங்கலம் ஸ்டுடியோவுக்கே போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பத்தை முடித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தும்விட்டாள். அதுவரை நான் மாமனார் வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு வேளையும் மாமியார் கறிக்குழம்பை ஊற்றி, "சாப்புடுங்க மாப்ள, இடியெல்லாம் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்பார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை மஞ்சுளா என்னை வேலூருக்கு அழைத்துப் போனாள். எரிந்துபோனது மதர்போர்டு, எல்லாப் பாகங்களும் உட்காருகிற பெரிய பலகை; அதே மாதிரி பழையது ஒன்று கிடைத்தது. ரேம் வாங்கும் இடத்தில் அவள் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். "நீங்களே கேளுங்க" என்றாள். நான் கேட்டேன். டிடிஆர் மூணு. போர்டின் பெயர் இது. இந்தப் போர்டு ஒரு இடத்துக்கு நாலு ஜிபி வரைக்கும்தான் தாங்கும். வேகம் இவ்வளவு, இரண்டும் ஒரே மாதிரி ஜோடியாக வேண்டும். போர்டின் மேலும் பழைய ரேமின் ஸ்டிக்கர் மேலும் இருந்ததை வழியெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்து, பஸ்ஸில் ஒப்பிக்க வைத்திருந்தாள். வெட்டு எங்கே இருக்கிறது என்று நானே திருப்பிப் பார்த்தேன். சட்டைப் பையில் குச்சி இல்லை.

மாமனார் வீட்டுக்கு வந்து மாட்டியதும் நான்தான். லேசாகத்தான் விரல் வைத்தேன். இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் தானே எழுந்து ரேமைப் பிடித்துக்கொண்டன. பொருந்துகிற பொருள் இவ்வளவு சுலபமாகப் பொருந்தும் என்பது எங்கள் பரம்பரையிலேயே முதல்முறையாக எனக்குத்தான் தெரிந்திருக்கும்.

கம்ப்யூட்டர் ஓடியது. மாமனார் பக்கத்தில் நின்று பார்த்தார். "ஓடுது இல்ல. இங்கயே வெச்சு வேலை பாரேம்மா. எதுக்குத் தூக்கிக்கினு அலையற?"

"என் மேஜை அங்கதான்பா இருக்குது."

"மறுக்கா இடி வுழுந்தா?"

"வுழாதுப்பா. இடிகிட்ட பேசிட்டேன்."

இவ்வளவுதான் நடந்தது. மஞ்சுளா என்னோடு மலையேறினாள். பையில் வைத்த புடவைகளில் பாதியைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தாள். மேஜையும் வேலையும் வளர்ந்து, இன்றைக்குத் தனக்கென்று ஓர் அறை வைத்துக்கொண்டிருக்கிறாள். சீவின ரேமை அப்பா அரத்தோடு சேர்த்து ஆணியில் மாட்டியிருக்கிறார். யார் கேட்டாலும், "கொஞ்சம் எச்சா ராவிட்டோம்" என்பார், மற்றபடி வேலையில் குறையில்லை என்பதுபோல. எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றால், போன் உடைந்தால், பால் திரிந்தால்கூட, "இடியா?" என்று ஒரு குரல் கேட்கும். முன்பு மஞ்சுளாவின் குரல், இப்போது பள்ளிக்கூடம் போகிற என் மகளின் குரல்.

நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோனபோது மாமனார் சீர் கொண்டுவந்தார். பழத்தட்டு, புடவைத் தட்டு வரிசையில் கடைசியாக, மஞ்சள் கயிறு கட்டிய நீளமான பொட்டலம் ஒன்று. அவிழ்த்தால், பளபளவென்று செம்பில் ஓர் இடிதாங்கி. கூடியிருந்த சொந்தங்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். அதை எங்கே வைக்க வேண்டும் என்று மாட்டுகிற ஆளுக்கு அவரே காட்டினார். மஞ்சுளா வேலை செய்கிற அறைக்கு நேர் மேலே.

நான் அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "மாமா, உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"நானும் மலைல பொறந்தவன் மாப்ள" என்றார். "எத்தினியோ இடி பாத்திருக்கேன். தேங்காண்ண வாசனை அடிக்கற இடிய அன்னைக்குத்தான் பாத்தேன்."

இன்றும் நான் அந்த அறைக்குள் ஏதாவது உதவி செய்யலாம் என்று நுழைந்தால், என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, இடிதாங்கி இருக்கிற பக்கமாகக் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி படிக்க ஆரம்பிக்கிறாள்.